ஈரலுக்குப் பக்கத்தில் இருப்பது

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பிடித்து "ஆகா, கண்டுபிடித்துவிட்டேன்!" என்று துள்ளிக் குதிப்பது என்று நினைக்கிறவர்கள், ஒரு நாள் ஈரலக்காவோடு பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். இறங்க வேண்டிய இடம் வந்தால் தூக்கம் கலையாமலே கால் மட்டும் இறங்கிவிடும். துள்ளுவதாவது, குதிப்பதாவது!

ஈரலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மருந்தும் ரசாயனமும் ஈரலை எப்படிக் கெடுக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில் வாசல் காவலாளி முதற்கொண்டு அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் முகம் சுளித்தாள். பிறகு சுளிப்பதற்கும் தெம்பு வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய பேராசிரியர் ஒரு மரப்பட்டையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பொடி எடுத்து வைத்திருந்தார். அதன் பெயர் வாயில் நுழையாது. எல்லோருக்கும் அது வெறும் "பொடி". மருந்தால் ஈரல் கெடாமல் இந்தப் பொடி காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி. சோதனை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு வரிசை எலிகளுக்கு ஒரு வாரம் பொடியைக் கரைத்துக் கொடுப்பார்கள், இன்னொரு வரிசைக்கு வெறும் தண்ணீர். கடைசி நாள் சாயங்காலம் இரண்டு வரிசைக்கும் தீவனத்தை எடுத்துவிட்டுப் பட்டினி போடுவார்கள். காலையில் காய்ச்சல் மாத்திரையை ஏகப்பட்ட அளவில் கொடுத்து, மத்தியானம் அறுத்து ஈரலைப் பார்ப்பார்கள்.

பட்டினி எதற்கென்றால், ஈரலுக்குள் விஷத்தை முறிக்கிற சரக்கு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கும். அது சாப்பாட்டிலிருந்து சேருவது. வயிறு காய்ந்தால் கையிருப்பு கரையும், அப்போதுதான் மருந்து தன் வேலையைக் காட்டும். இதுவரை செய்த சோதனைகளில் தண்ணீர் வரிசையின் ஈரல்கள் வெளிறித் திட்டுத் திட்டாகக் கிடந்தன. பொடி வரிசையின் ஈரல்கள் அப்போதுதான் கழுவி வைத்ததுபோல் பளபளத்தன. பேராசிரியர் தரையில் கால் பாவாமல் நடந்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்துவிட்டது. அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று கமிட்டி கேட்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த மனிதர்களில் ஒருவன் அவள் தம்பி.

அப்பா அம்மா போனபின் அவளுக்கிருந்த ஒரே ஒட்டு உறவு அவன்தான். வெல்டிங் பட்டறையில் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே இருமுவான், பேச்சை மாற்றத்தான் இருமுகிறான் என்று நினைத்திருந்தாள். பார்த்தால் டிபி. மாத்திரை கொடுத்தார்கள், இருமல் அடங்கியது, கண் மஞ்சளானது. ஊரில் உள்ள ஈரலையெல்லாம் பார்க்கிறவள், சொந்தத் தம்பியின் ஈரலை டிபி மாத்திரை தின்றுகொண்டிருப்பதை அவன் கண்ணில் மஞ்சள் ஏறிய பிறகுதான் பார்த்தாள். டாக்டர் எல்லா மாத்திரையையும் நிறுத்தினார். எத்தனை நாள் நிறுத்தி வைப்பது? நிறுத்தினால் நெஞ்சு போகும், கொடுத்தால் ஈரல் போகும். இந்த இடத்தில்தான் பொடி வந்தது. மாத்திரையோடு பொடியையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரல் தாங்கும் என்பது பேராசிரியரின் கணக்கு. அவளே தம்பியைக் கூட்டிப்போய்ப் பெயர் கொடுத்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை. ரத்தப் பரிசோதனையில் ஈரலின் நம்பர் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். வாரா வாரம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே "நம்பர் என்னாச்சு?" என்றுதான் நுழைவாள். போன வாரம் இறங்கிவிட்டது. அன்றைக்கு மட்டும் பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோவில் வந்தாள்.

கடைசிச் சோதனை நாளன்று காலையிலும் வழக்கம்போல அரக்கப் பரக்கச் சமைத்து, தம்பியின் தட்டைப் போட்டு மூடிவைத்துவிட்டுக் கிளம்பினாள். கேட்டை ஒட்டிப் படுத்திருந்த தெருநாய் எழுந்து வாலை ஆட்டியது. எலும்பும் தோலுமாகத் திரிந்த நாய், ஓரிரு மாதத்தில் மிராசுதார் மாதிரி ஆகிவிட்டது. "உனக்காச்சும் நல்ல காலம் பொறந்துச்சே" என்று அதனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். நல்ல காலம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யோசிக்கப் பஸ் விடவில்லை.

மத்தியானம் அறுவை மேசையில் உட்கார்ந்தாள். அவள் கை பழகிய கை. வயிற்றில் ஒரு வெட்டு, பக்கவாட்டில் இரண்டு, இடுக்கியால் ஒரு தூக்கு, ஈரல் வெளியே வந்துவிடும். கழுவி, எடை போட்டு, கெடாமல் வைக்கிற பார்மலினில் போட்டால் முடிந்தது. மிச்ச உடம்பு பைக்குள் போகும். மிச்ச உடம்பை அவள் பார்ப்பதே கிடையாது. பார்க்க வேண்டியது ஈரல்தானே!

தண்ணீர் வரிசை முடிந்தது. எதிர்பார்த்தபடி எல்லாம் வெளிறித் திட்டுத் திட்டாக இருந்தன. பொடி வரிசையில் முதல் எலி, பளபளவென்று ஈரல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுக்கும்போது கொட்டாவி ஒன்று வந்தது. சாதாரணக் கொட்டாவி இல்லை, கண்ணில் நீர் முட்டித் தாடை கழன்று விழுகிற மாதிரி ஒன்று. அந்த இடைவெளியில் கத்தரி வழுக்கி, ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரைப்பையைக் கீறிவிட்டது.

பழுப்பு நிறத்தில் கூழாக ஏதோ வெளியே வழிந்தது. "சனியன்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு பஞ்சால் துடைத்தாள். துடைத்த பஞ்சைக் குப்பையில் போடப்போன கை நின்றது.

தீவனம். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பட்டினி கிடந்த எலியின் வயிற்றில் தீவனம் எங்கிருந்து வந்தது?

பைக்குள் போட்ட முந்தைய இரண்டையும் வெளியே எடுத்து இரைப்பையைக் கீறினாள். இரண்டிலும் தீவனம் இருந்தது. பிறகு தண்ணீர் வரிசையை எடுத்தாள். ஒவ்வொன்றும் ஊதாத பலூன்போலத் துவண்டு காலியாக இருந்தது. மறுபடியும் பொடி வரிசைக்கு வந்தாள். மிச்சமிருந்ததையெல்லாம் அறுத்தாள். ஒன்று விடாமல் அத்தனையிலும் தீவனம்.

மனசு இருக்கிறதே, அது லேசில் விடாது. பொடி வயிற்றை மந்தமாக்கியிருக்கும், முந்தின நாள் தின்றதே செரிக்காமல் கிடக்கும், அவ்வளவுதான் விஷயம் என்று அவளுக்கே சமாதானம் சொன்னது. அவளும் ஒரு நிமிஷம் அதை நம்பினாள். நம்பத்தான் ஆசை. திங்கட்கிழமைக்குத் தம்பியின் சட்டையை நேற்றுத்தான் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஆனால் முந்தின நாள் தின்றது மறுநாள் மத்தியானம் வரைக்கும் இப்படி நிறைந்து கிடக்குமா? கையுறையைக் கழற்றிவிட்டு எலிக்கூடத்துக்கு நடந்தாள். 

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் எலி மாமா என்பார்கள். கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினார்.

"என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிடலையா?"

"மாமா, நேத்து சாயங்காலம் தீவனத்தை எடுத்தீங்களா?"

"எடுத்தேனே."

"ரெண்டு வரிசையிலயும்?"

மாமா துண்டால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பொடி குடிக்குதே, அந்த வரிசையில மட்டும் காலையிலதான் எடுத்தேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்மா, கூண்டு சுத்தமாத்தான் இருந்துச்சு."

"ஏன் மாமா?"

"அதுங்க பாவம்மா. மத்ததுங்க வயிறு முட்டத் தின்னுட்டு உருளுதுங்க. இதுங்களுக்குப் பொடி உள்ள போனதுலேர்ந்து சாப்பாடே வேண்டாம்னு ஆயிடுச்சு. முகர்ந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். பொழுது சாஞ்சப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கொறிக்கும். கொறிக்கிற நேரத்துல போய்த் தட்டைப் பிடுங்கினா நியாயமா? மறுநாள் சாகப்போற உசுரு வேற."

"எல்லாத் தடவையும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

"ஆமா." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "தப்பாம்மா?"

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே! கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூண்டின் மேல் உட்கார்ந்தாள். பொடி காப்பாற்றவில்லை. ஒரு பிடி தீவனம்தான் காப்பாற்றியிருக்கிறது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்து, படம் போட்டு, மேடை ஏறிப் பேசிவிட்டார்கள்.

இன்னொன்றும் புரிந்தது. அது புரிந்தபோதுதான் ஈரக்குலை நடுங்கியது. பொடி குடித்த எலி சாப்பிடுவதில்லை என்று மாமா எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! திங்கட்கிழமை பொடி குடிக்கப்போகிறவர்கள் யார்? டிபி வந்து ஏற்கெனவே எலும்பும் தோலுமாய் இருப்பவர்கள். அவர்களுக்குத் தட்டை விட்டுவைக்க எந்த மாமா இருக்கிறார்?

பேராசிரியர் அறையில் மேசை நிறையக் காகிதம், நடுவில் ஆறிப்போன டீ. அவரும் ஒன்றும் உற்சாகமாக இல்லை. அனுமதிக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார் கடைசியில்.

"இப்போதைக்கு நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார்."

"ஈரலைக் கேட்பாங்க. ஈரலைக் காட்டுவோம். செத்த எலியோட வயித்தை யாரும் கேட்க மாட்டாங்கம்மா." சொல்லிவிட்டு அவரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"கூண்டை யார் பார்த்துக்கிட்டது?" என்று அவரே கேட்டார்.

"பட்டினி போடச் சொன்னது நான் சார். போட்டாங்களான்னு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கலை. வயிறு ஈரலுக்கு அடியிலதான் இருக்கு. இத்தனை எலி அறுத்தேன், ஒண்ணையாவது திரும்பிப் பார்த்தேனா? என் மேலதான் தப்பு."

"திங்கட்கிழமை லிஸ்ட்ல உன் தம்பி பேரும் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறதாம், ஞாபகம்! அதைத் தவிர வேறு எது இருந்தது அவளுக்கு?  இப்போது வாயை மூடிக்கொண்டு வெளியே போனால் தம்பி திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவான். நம்பிக்கையோடு போவான். அந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்தவளே அவள்தான்.

"அவன் பேர் இருக்கிறதாலதான் சார் சொல்றேன்," என்றாள். "பொடி குடிச்சா சாப்பாடு இறங்காது. சாப்பாடு இறங்கலைன்னா ஈரல்ல கையிருப்பு இருக்காது. அந்த நேரம் பார்த்து டிபி மாத்திரையை உள்ள தள்ளப்போறோம். காப்பாத்தறோம்னு கூட்டிட்டு வந்து நாமளே கெடுத்த மாதிரி ஆயிடும். வேணும்னா பொடியே இல்லாம ஒரு வரிசைக்குச் சாப்பாடு மட்டும் போட்டுப் பார்க்கலாம். ஆனா திங்கட்கிழமை வேண்டாம் சார். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

பேராசிரியர் ஆறிய டீயைக் கையில் எடுத்தார். அதை ஒரே மடக்காகக் குடித்தார். போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டார். "திங்கட்கிழமை நடக்காது" என்று சொல்ல அவர் குரல் இரண்டு தடவை முயன்றது. போனை வைத்ததும், "நீ வீட்டுக்குப் போம்மா. நானும் கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்," என்றார். அவர் மேல் அவளுக்கு என்றைக்கும் இல்லாத பாசம் வந்தது.

அன்று பஸ்ஸில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். "என்னக்கா, சீக்கிரம் வந்துட்டே? திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்?" என்றான். முகமெல்லாம் பல்லாக இருந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தான். இப்போதுதான் அது கண்ணில் பட்டது.

"திங்கட்கிழமை இல்லடா," என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்னாள். எலி மாமா, தீவனம், வழுக்கிய கத்தரி, பேராசிரியரின் போன். டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பிப்பார், பொடி கிடையாது என்றும் சொன்னாள்.

 அவன் திடீரென்று சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"அப்போ நான் எதுக்குக்கா பட்டினி கிடந்தேன்?"

"என்னது?"

"நம்பர் இறங்கணும்னு சொன்னியே. ஈரலுக்கு வேலை குடுக்காம ஓய்வா விட்டா சீக்கிரம் இறங்கும்னு நானே நெனச்சேன். காலையில நீ வெச்சுட்டுப் போற தட்டுல ரெண்டு வாய் சாப்பிடுவேன். மிச்சத்தை நாய்க்குப் போட்டுடுவேன், ராத்திரியும் பேருக்குத்தான் கொறிப்பேன். நம்பர் இறங்குச்சுல்ல? நீகூட ஆட்டோ பிடிச்சு வந்தியே."

நம்பர் இறங்கியது மாத்திரையை நிறுத்தியதால். அவன் நினைத்தான், தான் வயிற்றைக் காயப்போட்டதால் என்று. அவள் தினமும் வந்து கழுவிய காலித் தட்டு, வாசலில் கொழுத்த நாய், பெல்ட்டில் ஓட்டை என எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. அவள் நம்பரை மட்டும் கேட்டிருக்கிறாள். பார்க்க வேண்டியது ஈரல்தானே!

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை மாதக் களைப்பும் அதோடு சேர்ந்து வந்தது.

"ஐயய்ய, நீ ஏன்க்கா அழறே? நான்தானே பட்டினி கிடந்தேன்," என்றான் தம்பி பதறிப்போய். "சரி விடு. உன் எலி மாமாகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு கூண்டு பார்த்துக் குடு. கவனிப்பு நல்லா இருக்கும்போல."

அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து இரண்டு முட்டையை வேக வைத்தாள், பால் காய்ச்சினாள், சோறு வடித்தாள். தட்டை அவன் எதிரில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

அவனால் முடியவில்லை. சுருங்கிப்போன வயிறு. பாதி முட்டையோடு நிறுத்திக்கொண்டு, "அப்புறம் சாப்பிடறேன்க்கா," என்றான். மற்ற நாளாக இருந்தால் "சாப்பிட்டு முடிடா, கழுவணும்" என்று தட்டை இழுத்திருப்பாள். கை போகத்தான் செய்தது. கொறிக்கிற நேரத்தில் போய்த் தட்டைப் பிடுங்கினால் நியாயமா? தட்டை மூடி அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலின் மேல் வைத்தாள். பாலையும் வைத்தாள். போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் தட்டு காலியாக இருந்தது.

அவள் சந்தோஷப்படவில்லை. காலித் தட்டு அவளை இத்தனை நாளாக ஏமாற்றி வந்திருக்கிறது. தம்பி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து கேட்டுவரைக்கும் போனாள்.

நாய் அங்கேதான் இருந்தது. எழுந்தது, தட்டைப் பார்த்தது, பார்த்துவிட்டுப் பசியில் ஊளையிட ஆரம்பித்தது. கம்பிக்கு இடையில் மூக்கை நுழைத்து, ராத்திரி முழுக்க எவனும் தன்னைக் கவனிக்கவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி முறையிட்டது.

அதைவிட நல்ல பரிசோதனை முடிவை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, பஸ் போனால் போகட்டும் என்று, கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.